நேராகச் சொன்னால் கோபம், பாட்டில் வந்தால் ஆறுதல்

"சினிமாப் பாட்டுதானே, அதில் என்ன பெரிய தத்துவம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது பாடலாசிரியர் வாலியின் கதையைத்தான். வாய்ப்புத் தேடி சென்னைக்கு வந்து, ஒன்றும் நடக்காமல், போதும் என்று கிளம்பிவிட முடிவு செய்திருந்த நேரம் அது. அப்போது பாடகர் பி. பி. ஸ்ரீநிவாஸ் தான் புதிதாகப் பாடியிருந்த ஒரு பாட்டை அவருக்குப் பாடிக் காட்டினார். 1962-ல் வெளிவந்த 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய 'மயக்கமா கலக்கமா'. வாலி ஊருக்குப் போகவில்லை. அதன் பிறகு 2013-ல் மறையும் வரை எழுதிக்கொண்டே இருந்தார். கண்ணதாசனுக்கே போட்டியாகப் பேசப்பட்ட ஒருவரைத் தங்க வைத்தது கண்ணதாசனின் பாட்டு. இதை வாலியே பல மேடைகளில் நெகிழ்ந்து சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாட்டில் அப்படி என்ன புதிதாக இருக்கிறது? உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் கோடிப்பேர், அவர்களை நினைத்து நிம்மதி தேடிக்கொள் என்பதுதான் அதன் சாரம். இதையே நாம் நொந்துபோயிருக்கும்போது ஓர் உறவினர் நேரில் வந்து சொன்னால் எப்படி இருக்கும்? எரிச்சல்தான் வரும். "என் வலி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று தோன்றும்.

என் அப்பா இறந்த சமயத்தில் எனக்கு அப்படித்தான் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் பேசினார்கள். பிறந்தவர் எல்லாம் ஒருநாள் போகத்தான் வேண்டும், நீதான் தைரியமாக இருக்க வேண்டும். ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. அப்புறம் ஒருநாள் பேருந்தில் யாரோ ஒருவருடைய செல்போனில் 'போனால் போகட்டும் போடா' ஓடியது. அவர்கள் சொன்ன அதே விஷயம்தான். ஆனால் டி. எம். சௌந்தரராஜன் குரலில் அது வந்தபோது அத்தனை நாள் வராத அழுகை வந்தது. இறங்கும்போது மனசு லேசாக இருந்தது.

ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். பாட்டு நம்மைப் பார்த்துப் பேசுவதில்லை. வேறொரு கதையில் வேறொரு மனிதனுக்காக எழுதப்பட்டது அது. நாம் பக்கத்தில் நின்று கேட்கிறோம், அவ்வளவுதான். நம்மைத் திருத்த வேண்டும் என்ற அவசரம் அதற்கு இல்லை. நாம் தலையாட்ட வேண்டியதில்லை, "சரி, இப்போ பரவாயில்லை" என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் ஸ்ரீநிவாஸ் மாதிரி ஒரு மென்குரல் பாடும்போது அறிவுரையின் அதட்டல் முற்றிலும் போய்விடுகிறது.

இன்னொன்று, பல்லவி. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் அதே வரி திரும்பி வருகிறது. ஆனால் சரணத்தைக் கேட்ட பிறகு அந்த வரிக்குக் கொஞ்சம் கூடுதல் அர்த்தம் சேர்ந்துவிடுகிறது. உட்கார்ந்து மனப்பாடம் செய்யாமலே அது நம்மிடம் தங்கிவிடுகிறது. பல வருடம் கழித்து, தேவைப்படும் நேரத்தில் தானாக நாக்கில் வந்து நிற்கும்.

பாடலாசிரியர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை நினைத்தால் இன்றும் வியப்புதான். 1959-ல் இறந்தபோது அவருக்கு வயது 29. 'சின்னப்பயலே சின்னப்பயலே' பாட்டில் ஒரு சிறுவனுக்கு அவர் சொல்வதைக் கேளுங்கள். முழு வாழ்க்கை வாழ்ந்து முடித்த பெரியவர் பேசுவதுபோல் இருக்கும். ஆனால் அதிகாரம் துளியும் இருக்காது, அன்புதான் இருக்கும்.

எல்லாப் பாட்டையும் நான் இப்படித் தூக்கிப் பிடிக்கவில்லை. காதலி விலகிப் போனதற்காகப் பெண் இனத்தையே ஏசும் பாட்டுகளும் ஆறுதல் என்ற பெயரில்தான் வருகின்றன. கேட்கிற பையனுக்கு அந்த நேரம் இதமாக இருக்கலாம். உள்ளே இறங்குவது விஷம். எல்லாம் தலைவிதி என்று கையைக் கட்டிப்போடும் வரிகளும் எனக்கு ஒத்துவராது. மெட்டு நன்றாக இருந்தால் எந்தக் கருத்தும் உள்ளே போய்விடும் என்பதால் இதில் கவனமாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். மனம் உடைந்திருக்கும் நண்பருக்கு உற்சாகப்படுத்துகிறேன் என்று துள்ளல் பாட்டுகளை அனுப்பாதீர்கள். அது அவரை இன்னும் தனிமையாக்கும். முதலில் அவருடைய துக்கத்துக்கு இணையாக ஒரு சோகப் பாட்டைக் கேட்கட்டும். அழ வேண்டியிருந்தால் அழட்டும். துள்ளல் பாட்டு எப்போது வேண்டும் என்று அவருக்கே தெரியும்.