மிச்சிகன் அவென்யூ - ட்ரம்புல் முக்கு

ஏப்ரல் 20 வந்தாலே எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். 1912ல அந்த ஒரே நாள்ல அமெரிக்காவுல ரெண்டு பேஸ்பால் மைதானம் திறந்தாங்க. டைட்டானிக் மூழ்கி அஞ்சு நாள் தான் ஆகியிருந்துச்சு. ஒண்ணு பாஸ்டன்ல ஃபென்வே பார்க். இன்னொண்ணு டைகர்ஸ் டீமுக்காக எங்க டெட்ராய்ட்ல, மிச்சிகன் அவென்யூவும் ட்ரம்புல் அவென்யூவும் சேர்ற முக்குல, நேவின் ஃபீல்ட்னு திறந்து அப்புறம் பிரிக்ஸ் ஸ்டேடியம்னு ஆகி 1961லருந்து டைகர் ஸ்டேடியம்னு எல்லாரும் கூப்பிட்டது. ஃபென்வேயில இன்னிக்கும் மேட்ச் நடக்குது, எங்கெங்கிருந்தோ வந்து பாத்துட்டு போறாங்க. எங்களோடத 2009ல இடிச்சு முடிச்சிட்டாங்க.

"பழசாயிடுச்சு சார், அதான் இடிச்சாங்க"ன்னு இங்க நம்ம ஆளுங்களே நிறைய பேர் சொல்லி கேட்டிருக்கேன். ஒரே நாள்ல பொறந்த ரெண்டுல ஒண்ணு மட்டும் எப்படிங்க பழசாகும்?

நான் 1997ல கார் கம்பெனி வேலைக்காக மிச்சிகன் வந்தவன், கிரிக்கெட் தவிர வேற எதுவும் தெரியாது. அடுத்த வருஷம் கோடையில, ரிட்டயர் ஆகப் போற வயசுல இருந்த ஆஃபீஸ் நண்பர் ஒருத்தர் தான் என்னை முதல் தடவை அங்க கூட்டிட்டுப் போனார். வெளியில பாத்தா பெரிய வெள்ளை குடோன் மாதிரி தான் இருக்கும். உள்ள இருட்டு நடை, வெங்காயமும் ஹாட் டாக்கும் வதங்குற வாசனை, சின்னதா ஒரு சாய்வு ஏறினா திடீர்னு கண்ணு முன்னாடி அவ்வளவு பச்சை. நாலு பக்கமும் ரெண்டு அடுக்கு காலரி சுத்தி மூடியிருக்கும், வெளி உலகமே தெரியாது. பேட் பண்றவருக்கு நேர் எதிர்ல இருக்குற சென்டர் ஃபீல்ட் சுவர் 440 அடி, அதாவது 134 மீட்டர், நம்ம கிரிக்கெட் பவுண்டரி அதிகபட்சமே 82 மீட்டர் தான்னு நினைச்சுப் பாத்தா அந்த தூரம் புரியும். அந்த சுவருக்கு உள்பக்கமே, ஆடுகளத்துலயே, 125 அடி கொடிக்கம்பம் நிக்கும். பந்து அதுல பட்டாலும் ஆட்டம் நிக்காது.

எங்க சீட்டுக்கு முன்னாடி ஒரு இரும்புத் தூண். பந்து எறியுற பிச்சரைப் பாத்தா பேட்டர் தெரியல, பேட்டரைப் பாத்தா பிச்சர் தெரியல. எரிச்சலா சொன்னேன், அதுக்கு அவர் மேல கைய காட்டி "அந்தத் தூண் இருக்கிறதால தான் மேல உக்காந்திருக்கவன் இவ்வளவு பக்கத்துல இருக்கான்"னார். அப்ப எனக்குப் புரியல. இப்ப நல்லாவே புரியுது. தூண் தாங்குச்சுன்னா மேல் அடுக்கை கீழ் அடுக்குக்கு நேர் மேலயே கட்டலாம். தூண் வேணாம்னா மேல் அடுக்கை பின்னாடி தள்ளணும், நடுவுல சொகுசு பாக்ஸ் வேற சொருகினா இன்னும் உயரத்துக்கு, இன்னும் தூரத்துக்கு போயிடும். புது ஸ்டேடியங்கள்ல கம்மி விலை டிக்கெட்டுல மேல உக்காந்தா ஆட்டக்காரன் எறும்பு மாதிரி தெரியுறது இதனால தான். கொஞ்சம் பேருக்கு பார்வை மறைஞ்சது உண்மை, ஆனா ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்களுக்கு பேட்டரோட முகம் தெரிஞ்சுது. ரைட் ஃபீல்ட்ல, அதாவது பேட்டருக்கு வலது பக்கம், பின்னாடியே ட்ரம்புல் ரோடு, இடம் பத்தலன்னு மேல் அடுக்கை மைதானத்துக்கு உள்ளயே சுமார் பத்து அடி நீட்டி கட்டியிருந்தாங்க, கீழ ஃபீல்டர் கேட்சுக்கு ரெடியா நிப்பான், பந்து மேல அந்த நீட்டல்ல விழுந்து, நம்ம சிக்ஸர் மாதிரி, ஹோம் ரன் ஆயிடும்.

சரித்திரம்னு ஆரம்பிச்சா நிறுத்த முடியாது. டைகர்ஸோட பழைய நட்சத்திரம் டை காப் பந்த மெல்ல தட்டி விட்டு ஓடுறவரு, பந்து தூரம் உருளாம நிக்கட்டும்னு அவருக்காக பேட்டர் நிக்கிற ஹோம் பிளேட் முன்னாடி மண்ண தண்ணி ஊத்தி ஊற வெப்பாங்களாம், அதுக்கு காப் ஏரின்னே பேரு. 1939 மே 2, நியூயார்க் யாங்கீஸோட லூ கெரிக், 2,130 மேட்ச் ஒண்ணு விடாம ஆடினவர், இன்னிக்கு நான் ஆடலன்னு தானாவே உக்காந்தது இந்த மைதானத்துல தான்.

அசிங்கமான பக்கமும் இருக்கு, அத விட்டுட்டு பேசுறது சரியில்ல. பெரிய லீக்கோட நிறத் தடைய உடைச்சு ஜாக்கி ராபின்சன் 1947லயே வந்துட்டார், டைகர்ஸ்ல கறுப்பினத்தவர் ஒருத்தர் ஆட 1958 வரைக்கும் ஆச்சு, டொமினிக்கன்காரர் ஆசி விர்ஜில். கடைசியா வழிக்கு வந்த டீம் பாஸ்டன், அதுக்கு முன்னாடி நாங்க. அந்த விஷயத்துலயும் ரெண்டு மைதானமும் ஒரே மாதிரி தான்.

டைகர்ஸ் ஆட்டக்காரர் வில்லி ஹார்டன் டெட்ராய்ட்ல வளந்த கறுப்பினப் பையன். 1967 ஜூலை 23, ஞாயித்துக்கிழமை, மேட்ச் நடக்கும்போதே ஊர்ல கலவரம், லெஃப்ட் ஃபீல்ட் பக்கம் புகை தெரியுது. மேட்ச் முடிஞ்சதும் அவர் டீம் ஜெர்சியோடவே கார் எடுத்துட்டு கலவரத்துக்கு நடுவுல போய், கார் மேல ஏறி நின்னு நம்ம தெருவ நாமளே எரிக்காதீங்கன்னு கெஞ்சினார். அடுத்த வருஷம் வேர்ல்ட் சீரிஸ், அதாவது நாலு மேட்ச் ஜெயிக்க வேண்டிய ஃபைனல், 3-1ன்னு பின்தங்கி இருக்கோம், அஞ்சாவது மேட்ச்ல எதிர் டீமோட லூ பிராக் சறுக்காம நின்னபடியே ஹோம் பிளேட்டுக்கு வர, ஹார்டன் லெஃப்ட் ஃபீல்ட்லருந்து எறிஞ்ச பந்து அவரை அவுட் ஆக்குச்சு. அங்கருந்து தான் சீரிஸ் திரும்புச்சு, டைகர்ஸ் ஜெயிச்சாங்க. இந்தக் கதைய எங்கிட்ட சொல்லும்போது அந்த நண்பர் கண்ணு கலங்கிட்டார். முப்பது வருஷம் கழிச்சு!

எனக்கு பேஸ்பால் சொல்லிக் கொடுத்தது ரேடியோவுல டைகர்ஸ் வர்ணனையாளர் எர்னி ஹார்வெல் குரல். காலரிக்குள்ள போற பந்த யாராவது பிடிச்சா "யிப்சிலாண்டிலருந்து வந்தவர் பிடிச்சிட்டார்", "சாகினாக்காரர் பிடிச்சிட்டார்"னு சும்மா ஒரு ஊர் பேரை சொல்லுவார். மிச்சிகன் மேப்ப நான் அப்படித் தான் கத்துக்கிட்டேன்.

இப்ப இடிச்ச கதை. 1988 ஏப்ரல் 20 அன்னிக்கு இத இடிக்கக் கூடாதுன்னு ரசிகர்கள் ஆயிரத்துக்கும் மேல கூடி, கை கோத்து ஸ்டேடியத்த சுத்தி நின்னு கட்டிப்பிடிச்சாங்க. அப்புறம் காக்ரேன் பிளான்னு ஒரு புதுப்பிப்புத் திட்டமே வரைஞ்சு காட்டினாங்க. யாரும் சட்டை பண்ணல. 1999 செப்டம்பர் 27 திங்கக்கிழமை கடைசி மேட்ச். டிக்கெட் கிடைக்காம ரோட்டுல ரேடியோவோட நின்ன கூட்டத்துல நானும் ஒருத்தன். எட்டாவது இன்னிங்ஸ்ல டைகர்ஸோட ராபர்ட் ஃபிக் அடிச்ச கிராண்ட் ஸ்லாம், அதாவது ஒரே அடியில நாலு ரன், ரைட் ஃபீல்ட் கூரையில பட்டு திரும்புச்சு, ரேடியோ சொல்லி முடிக்கிறதுக்குள்ள சத்தம் உள்ளருந்து இடி மாதிரி வந்துச்சு. 8-2ன்னு ஜெயிச்சாங்க. ஹோம் பிளேட்ட தோண்டி எடுத்து, டீம் அடுத்து ஆடப் போற புது ஸ்டேடியத்துக்கு கொண்டு போனாங்க.

அதே 1999ல பாஸ்டன்லயும் ஃபென்வேய இடிச்சிட்டு புதுசு கட்டப் போறோம்னு பிளான் போட்டாங்க. அங்கயும் ரசிகர்கள் எதிர்த்தாங்க. 2002ல வந்த புது ஓனர்கள் இதயே சரி பண்ணுவோம்னு முடிவெடுத்து, அடுத்த வருஷமே லெஃப்ட் ஃபீல்ட்ல இருக்குற அந்த உயரமான பச்சை சுவர் மேல சீட்டு போட்டாங்க. யார் கையில இருந்துச்சு, அவங்களுக்கு மனசு இருந்துச்சா, அவ்வளவு தான் வித்தியாசம். வயசு இல்ல. டெட்ராய்ட்கிட்ட பணம் இல்லன்னு சொல்லுவாங்க. புது ஸ்டேடியத்துக்கு பொதுப் பணமும் சேத்து தான போட்டாங்க?

டைகர் ஸ்டேடியத்த ஒன்பது வருஷம் கிட்ட சும்மா போட்டு வெச்சு, 2008ல இடிக்க ஆரம்பிச்சாங்க. அப்புறம் அந்த வெத்து நிலத்துல புல்லு ஆள் உயரம். 2010லருந்து நேவின் ஃபீல்ட் கிரவுண்ட்ஸ் க்ரூன்னு ஒரு கூட்டம், சொந்த மெஷின் கொண்டு வந்து, போலீஸ் விரட்டினாலும் திரும்ப வந்து புல்லு வெட்டி, பிச்சர் மேட்ட சரி பண்ணி வெச்சாங்க. ஒரு பைசா கூலி இல்ல. நானும் ரெண்டு சனிக்கிழமை போய் களை பிடுங்கியிருக்கேன், அதுக்கு மேல போகாதது இன்னிக்கும் உறுத்துது.

ரொம்ப வலிக்கிறது எதுன்னா, அங்கருந்து நடக்குற தூரத்துல மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். 1988ல கடைசி ரயில் போனதுக்கப்புறம் கண்ணாடி எல்லாம் உடைஞ்சு, பேய் பங்களா மாதிரி நின்னுச்சு, அதையும் இடிச்சுத் தள்ளுங்கன்னு தான் எல்லாரும் சொன்னாங்க. 2018ல ஃபோர்டு வாங்கி 2024 ஜூன்ல திறந்தாங்க, போய் பாத்தேன், அவ்வளவு அழகு, ஊரே பெருமைப்படுது. இன்னும் ஒரு ஒன்பது வருஷம் அந்த ஸ்டேடியத்தயும் சும்மா விட்டிருந்தா?

2018லருந்து அந்த இடத்துல பசங்க ஆடுறாங்க, போலீஸ் விளையாட்டு அமைப்பு நடத்துது. செயற்கைப் புல் போட்டுட்டாங்க, எனக்கு அது பிடிக்கல, ஆனா பசங்க ஆடுறது சந்தோஷம் தான். பழைய கொடிக்கம்பம் மட்டும் அதே இடத்துல நிக்குது. ரயில் நிலையத்த பாத்துட்டு அப்படியே நடந்து போய் வேலிக்கு வெளிய நின்னேன், பன்னெண்டு வயசு இருக்கும், ஒரு பொண்ணு அடிச்ச பந்து உருண்டுட்டே போச்சு, தேர்ட் பேஸ்ல நின்ன கோச் "ஓடு, ஓடு"ன்னு கத்துறார், நானும் கத்தினேன், தமிழ்ல.