விலையேற்றக் கடிதத்தின் நான்காம் பத்தி

சந்தா முறையில் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, விலையேற்றத்தை அறிவிக்கும் மின்னஞ்சலை எழுதும் பொறுப்பு ஒருமுறை என் தலையில் விழுந்தது. முதல் பத்தியில் நன்றி, இரண்டாவதில் புதிய வசதிகள், மூன்றாவதில் நிறுவனத்தின் கனவுகள் என்று அடுக்கிவிட்டு, புதிய கட்டணத்தை நான்காம் பத்தியின் கடைசி வரியில், பழைய கட்டணத்தைக் குறிப்பிடாமல் வைத்தேன். மறுநாள் வந்து குவிந்த பதில்களில் தொகையைக் குறைசொன்னவர்கள் சிலரே. “நேரடியாகச் சொல்லியிருந்தால் கொடுத்திருப்பேனே, எதற்கு இந்தச் சுற்றிவளைப்பு?” என்றே பலரும் கேட்டிருந்தார்கள்.

விலையை உயர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சர்வர் செலவும் சம்பளமும் ஏறும்போது சந்தா மட்டும் நின்ற இடத்திலேயே நிற்காது என்பது வாடிக்கையாளருக்கும் தெரியும். ஆனால் அவருடைய கோப்புகள், கணக்குகள், ஊழியர்களின் கைப்பழக்கம் எல்லாமே அந்த மென்பொருளுக்குள் இருப்பதால், நினைத்த மாத்திரத்தில் அவரால் வேறிடம் போக முடியாது. எனவே கூடுதல் தொகையைவிட, ‘நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறார்களோ’ என்ற சந்தேகமே அவரைச் சுடுகிறது.

வீடியோ விளையாட்டுகளை உருவாக்கும் மென்பொருளை விற்கும் யூனிட்டி நிறுவனம் 2023 செப்டம்பரில் அறிவித்த கட்டணம் இதற்கு நல்ல சான்று. குறிப்பிட்ட வருமானத்தையும் நிறுவல் எண்ணிக்கையையும் தாண்டிய ஒரு விளையாட்டு, அதன்பின் புதிதாக நிறுவப்படும் ஒவ்வொரு முறையும் அதை உருவாக்கியவர் பணம் கட்ட வேண்டும் என்பது திட்டம். முன்பே வெளிவந்துவிட்ட விளையாட்டுகளுக்கும் அது பொருந்தும். ஒருமுறை விற்றுவிட்ட பொருளை வாங்கியவர் எத்தனை கருவிகளில் நிறுவுவார் என்று யாரால் கணக்குப் போட முடியும்? எதிர்ப்பு வெடித்தது. அந்த மாதமே திட்டத்தைத் தளர்த்தினார்கள்; அக்டோபரில் தலைமைச் செயல் அலுவலர் ஜான் ரிச்சிடியெல்லோ விலகினார்; 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணமே கைவிடப்பட்டது. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது, கைவிடுவதாகச் சொன்ன அதே அறிவிப்பில் புரோ சந்தாவை 8 விழுக்காடும் எண்டர்பிரைஸ் சந்தாவை 25 விழுக்காடும் உயர்த்தியதுதான். முந்தைய கொந்தளிப்பு இம்முறை எழவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்ற பழைய அளவுகோல் மாறாததால், கூட்டிப் பார்த்து, கட்டுப்படியாகுமா என்று விளையாட்டை உருவாக்குபவர்களே முடிவெடுக்க முடிந்தது.

பழைய வாடிக்கையாளர்களை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கல். 2010-இல், வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருளை விற்கும் ஜென்டெஸ்க் நிறுவனம் அவர்களுக்கும் சேர்த்தே விலையை உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டு, பழைய விலையிலேயே அவர்களை விட்டுவைத்தது. அந்த நேரத்துக்கு அது சரிதான். ஆனால் என்றென்றைக்கும் பழைய விலை என்பதை நான் ஆதரிப்பதில்லை, ஏனெனில் நாளடைவில் அவர்கள் புதிய வசதிகள் எட்டாத ஒரு மூலைத் திட்டத்தில் ஒதுங்கிவிடுகிறார்கள், உதவி கேட்டாலும் அவர்களுடைய முறை கடைசியில்தான் வருகிறது. அடுத்த புதுப்பிப்பு வரை பழைய விலை, விரும்பினால் மேலும் ஓராண்டுக்கு அதே விலையில் முன்பணம் கட்டலாம் என்று வெளிப்படையாகச் சொல்வதே இரு தரப்புக்கும் நியாயம்.

மலிவான வழியை வைத்துக்கொண்டே மறைப்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் மைக்ரோசாஃப்ட் 365 தனிநபர் ஆண்டுச் சந்தா, கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர் சேர்க்கப்பட்டபோது, 109 டாலரிலிருந்து 159 டாலராக உயர்ந்தது. கோபைலட் இல்லாமல் பழைய விலையிலேயே ஒரு திட்டம் இருந்தும், சந்தாவை ரத்து செய்யத் தொடங்கியவர்களின் கண்ணுக்கு மட்டுமே அது பட்டது என்று குற்றஞ்சாட்டி, அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடர்ந்தது.

சிறிய அளவில் நாங்களும் இதைச் செய்தவர்கள்தான். ‘ரத்து செய்’ பொத்தானை அழுத்தினால் உடனே திரையில் ஒரு தள்ளுபடி எட்டிப்பார்க்கும். மிரட்டுகிறவருக்குச் சலுகை, பொறுமையாகக் கட்டுகிறவருக்கு முழு விலை. பல ஆண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவந்த வாடிக்கையாளர் ஒருவர், இப்படியொன்று இருப்பதை யார் மூலமோ அறிந்து, தாமும் அந்தப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். தள்ளுபடி தோன்றியது. அதை ஏற்காமல் ரத்து செய்துவிட்டுப் போய்விட்டார். காரணம் கேட்கும் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருந்தார்.