மாத்திரையும் நெல்லிக்காயும் ஒன்றில்லை

"ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை போட்டால் ஃப்ரீ ராடிக்கல் மொத்தமும் அழியும், எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது" என்று எழுதியிருக்கிறீர்களே அண்ணா, இதில் பாதிதான் சரி. ஃப்ரீ ராடிக்கல் என்பது ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் மூலக்கூறு. செல் சவ்வு, டிஎன்ஏ என்று பக்கத்தில் எது சிக்கினாலும் அதிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கும். வைட்டமின் சி, ஈ போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட்கள் தங்களுடைய எலக்ட்ரானைக் கொடுத்து அதை அடக்குகின்றன. சரி. ஆனால் மொத்தமும் அழிந்தால் நமக்குத்தான் ஆபத்து, ரத்த வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதற்கே இந்த ஃப்ரீ ராடிக்கல்களையும் பயன்படுத்துகின்றன.

அப்புறம் அந்த 'அதிகம்' விஷயம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 1994-ல் முடிவு வந்தது: தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருக்கும் ஆரஞ்சு நிறப் பொருள், இதுவும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்) மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, மற்றவர்களைவிட 18 சதவீதம் கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்விலும் இதே கதை, 1996-ல் கெடுவுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

நான் ஒன்றும் மேதாவி இல்லை, என் அலமாரியிலும் இப்படி ஒரு டப்பா கிடந்தது. இங்கே மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் கால் கிலோ நெல்லிக்காய் வாங்கினால் வைட்டமின் சியோடு நாரும் இன்னும் பல சேர்மங்களும் சேர்ந்தே வருகின்றன. மாத்திரையில் பெரும்பாலும் ஒன்றே ஒன்று, அதுவும் பல சமயம் சாப்பாட்டில் சாதாரணமாகக் கிடைக்காத அளவில்.

அப்பா பீடி பிடிப்பார் என்றீர்களே, அவருக்கு மட்டும் அந்த பீட்டா கரோட்டின் டப்பாவை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.