வளவு நிறைய வெளிச்சம், அப்புறம் ஃபிளாஷ் எதுக்கு?

தை மாசம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக் கல்யாணம். காலை பத்து மணி. வளவு, அதாவது தாழ்வாரம் சூழ்ந்த வீட்டு முற்றம்; அதன் நடுவில் வானம் திறந்து கிடக்கு, வெளிச்சம் தாழ்வாரம் வரைக்கும் பூப்போல இறங்குது. போட்டோகிராபர் என்னடான்னா மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிக்கிறார்! முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் கண்ணாடி மாதிரி. அதில் ஃபிளாஷ் பட்டால் படத்தில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். பின்னால் நின்ற பர்மாத் தேக்குத் தூண்கள் ஒரே இருட்டு. தாழ்வார நிழலுக்கு ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 800க்கு ஏற்றி, லென்ஸை எஃப் 2.8க்கு அகலமாத் திறந்தால் போதாதா? கேமரா பிடிக்கிறவருக்கு இது அரிச்சுவடி இல்லையா?

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். திருப்பூட்டுற நேரத்தில், அதான் கழுத்திரு என்கிற எங்க தாலியைக் கட்டுறப்போ, அவரும் வீடியோக்காரரும் குறுக்கே நின்னுட்டாங்க. விடியலிலிருந்து பாய் போட்டு உட்கார்ந்திருந்த அப்பத்தாவுக்குத் தெரிந்தது ரெண்டு முதுகு மட்டும். "தம்பி, கொஞ்சம் விலகுங்கப்பா"ன்னு அவங்க கேட்டது யார் காதிலும் ஏறலை. அதுக்கு மேல போட்டோகிராபர், "சார், கழுத்திருவை இன்னொரு தடவை பூட்டுங்க, ஃபோகஸ் போயிருச்சு" என்கிறார். இது என்ன ஒத்திகையா?

ஆல்பம் வந்துருச்சு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை ட்ரோனில் எடுத்தது மட்டும் நாலு பக்கம். அப்பத்தா ஒரு படத்திலும் இல்லை.