நிறுவன ஆவணங்களைப் பார்க்க எதற்குக் கட்டணம்?

கட்டணம் செலுத்தித் தேடும் இணையத் தரவுத்தளங்கள் இல்லாமல் இன்று ஒரு தொழில் குழுமத்தைப் பற்றிப் புலனாய்வுச் செய்தி எழுதுவது ஏறத்தாழ இயலாத காரியம் என்பதை நான் மறுக்கவில்லை. என் ஆட்சேபம் வேறு. நாம் சந்தா கட்டிப் பெறுவதில் பெரும்பகுதி, பொதுமக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்லி, நிறுவனங்கள் அரசிடம் தாக்கல் செய்த ஆவணங்கள்தான்.

அரசியல் கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை தர வழி செய்த தேர்தல் பத்திர விவகாரத்தை நினைத்துப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று அந்தத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் வெளியிட்ட பட்டியலில் பத்திரம் வாங்கியவரின் பெயர், தேதி, தொகை ஆகியவை இருந்தன. அவர்கள் யார் என்ற விளக்கம் இல்லை. 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் நின்ற கோவையின் லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங்கை நம் ஊரில் அறியாதவர் குறைவு. ஆனால் 410 கோடி ரூபாய்க்கு வாங்கிய க்விக் சப்ளை செயின் யாருடையது? அந்தக் கேள்விக்கான விடையை, நிறுவனப் பதிவாளரிடம் உள்ள முகவரியையும் இயக்குநர் விவரங்களையும் துழாவியே செய்தியாளர்கள் கண்டுபிடித்து, ரிலையன்ஸ் குழுமத்தோடு அதற்கிருந்த தொடர்புகளை எழுதினார்கள். அது தன் துணை நிறுவனம் அல்ல என்று ரிலையன்ஸ் மறுத்தது. ஈட்டிய லாபத்தைவிட அதிகத் தொகைக்குப் பத்திரம் வாங்கிய நிறுவனங்கள் எவை என்பதும், அவை தாக்கல் செய்திருந்த ஆண்டுக் கணக்குகளைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

இந்த ஆவணங்களைப் பார்க்கும் உரிமையை 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 399ஆம் பிரிவு எவருக்கும் தருகிறது. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் எம்சிஏ இணையதளத்தில் ஒரு நிறுவனத்தின் கோப்புகளைத் திறக்க 100 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு நிறுவனத்துக்கு என்றால் இது பெரிய தொகை அன்று. ஆனால் புலனாய்வு ஒருபோதும் ஒரு நிறுவனத்தோடு நிற்பதில்லை. ஆண்டு விவர அறிக்கையான எம்ஜிடி-7 படிவத்தில் உள்ள பங்குதாரர் பட்டியல் வேறு நான்கு நிறுவனங்களைக் காட்டும். அவற்றின் இயக்குநர்கள் இன்னும் பத்து நிறுவனங்களில் அமர்ந்திருப்பார்கள். கடன் அடமானத்தைப் பதிவு செய்யும் சிஎச்ஜி-1 படிவத்தைத் திறந்தால் யாருடைய சொத்தை அடமானம் வைத்து யார் கடன் வாங்கினார்கள் என்பது புலப்படும். ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குள் பார்த்து முடித்தாக வேண்டும். கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரியவரும்.

இந்த இடைவெளியில்தான் டோஃப்ளர், புரோப்42 போன்ற தனியார் தளங்கள் வளர்ந்தன. அதே படிவங்களை எடுத்து, எண்களைப் பிரித்து அடுக்கி, ஓர் இயக்குநரின் பெயரைச் சொடுக்கினால் அவருடைய எல்லா நிறுவனங்களும் தெரியும்படி இணைத்துத் தருகிறார்கள். அந்த உழைப்புக்கு விலை வைப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் விரிவான சேவைகளின் விலை வங்கிகளையும் முதலீட்டாளர்களையும் மனத்தில் வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. டெல்லியிலும் மும்பையிலும் உள்ள பெரிய ஆங்கில நாளிதழ்கள் அதைச் சமாளித்துவிடும். எழுதும் கட்டுரைக்கு ஏற்ப ஊதியம் பெறும் மாவட்டச் செய்தியாளரால் முடியாது. நாமக்கல்லிலோ தூத்துக்குடியிலோ ஒரு குவாரி ஒப்பந்ததாரரின் பினாமி நிறுவனங்களைப் பற்றி எழுத வேண்டியவர் அவர்தான் என்பதே இதில் உள்ள கோளாறு.

சந்தா இருப்பவர்களும் இந்தத் தளங்களைத் துப்பாகக் கொள்ளலாமே தவிரச் சான்றாகக் கொள்ளக் கூடாது. தமிழ்ப் பெயர்களில் இது இன்னும் முக்கியம். மு. சரவணன் என்று ஊர் அறிந்த ஒருவர், இயக்குநர் பட்டியலில் சரவணன் முருகேசனாகவும் பங்குதாரர் பட்டியலில் முருகேசன் சரவணனாகவும் இருக்கலாம். ஆங்கில எழுத்துக் கூட்டல் அதற்கு மேல் ஒரு குழப்பம். அதே பெயரில் தொடர்பே இல்லாத இன்னொருவரும் இருப்பார். இயக்குநர் என்றால் எட்டு இலக்க அடையாள எண்ணை வைத்து ஐயம் தீர்த்துக்கொள்ளலாம். பங்குதாரருக்கு அந்த வசதி எப்போதும் இருக்காது என்பதால் முகவரி, தந்தை பெயர் என்று மூலப் படிவத்தில்தான் தேட வேண்டும். (எழுத்தும் எண்ணுமாக 21 குறிகள் கொண்ட நிறுவன அடையாள எண்ணும் கவனித்துப் படிக்கத் தக்கது. கோவைப் பதிவாளரிடம் பதிவான நிறுவனங்களுக்கு அதில் தமிழ்நாட்டைக் குறிக்கும் டிஎன் (TN) என்பதற்குப் பதிலாக டிஇசட் (TZ) என்றிருக்கும். டிஎன் என்று மட்டும் வடிகட்டினால் கொங்கு மண்டலமே காணாமல் போய்விடும்.) அவதூறு வழக்கு என்று வந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பதும் அந்த மூலப் படிவத்தைத்தான், திரையில் தெரிந்த இணைப்புப் படத்தை அவர் பொருட்படுத்த மாட்டார்.

இலவசமாகத் தந்தால் செலவை யார் ஏற்பது என்று கேட்கலாம். பிரிட்டனின் நிறுவனப் பதிவகமும் முன்பு ஆவணத்துக்கு ஒரு பவுண்டு வாங்கியது. 2015 ஜூன் முதல் எல்லா டிஜிட்டல் ஆவணங்களையும் இலவசமாக்கிவிட்டது. நம் நாட்டிலும் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புத் தொகுப்பை 2023 ஜனவரியில் இ-எஸ்சிஆர் என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதனால் சட்டத் தரவுத்தளங்கள் மூடப்பட்டுவிடவில்லை. தீர்ப்பின் சாரத்தைச் சொல்லும் தலைப்புக் குறிப்பு, அதில் மேற்கோள் காட்டப்பட்ட பிற தீர்ப்புகளுக்கான இணைப்பு என்று தாங்கள் சேர்த்த உழைப்பை அவை இன்றும் விற்கின்றன. நிறுவன ஆவணங்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். தாக்கல் செய்யும்போதே நிறுவனங்கள் கட்டணம் செலுத்துகின்றன. ஆண்டுக் கணக்கைத் தாமதமாகக் கொடுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதலாகவும் செலுத்துகின்றன. பதிவகத்தை நடத்த அந்த வருவாய் இருக்கும்போது, படிக்க வருபவரிடமும் ஏன் கை நீட்ட வேண்டும்?

அமைச்சகம் மனம் மாறும் வரை மாநில அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. அங்கு ஒரு நிறுவனத் தரவுத்தளத்துக்கும் ஒரு சட்டத் தரவுத்தளத்துக்கும் நூலகச் சந்தா எடுத்து, உறுப்பினர் அட்டை உள்ள எவரும் உட்கார்ந்து தேடுவதற்குச் சில கணினிகளை ஒதுக்கலாம். சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.