எங்கள் ஓடிபியை இன்னும் எத்தனை பேரிடம் சொல்ல வேண்டும்?

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. பார்வையற்றவனான எனக்கு அந்தக் குறுஞ்செய்தியைக் கைப்பேசியின் திரைவாசிப்பான் தெளிவாகவே படித்துக் காட்டுகிறது. ஆனால் அந்த ஓடிபியை உள்ளிட வேண்டிய பக்கம் திரைவாசிப்பானுக்குப் பிடிபடாதபோது, அருகில் இருப்பவர் யாராயினும் அவரிடம் எண்ணைச் சொல்லித்தான் வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது. இணையதளங்களைப் பார்வையற்றோர் பயன்படுத்த முடியாமல் இருப்பதைப் பலரும் ஒரு வசதிக் குறைவு என்றே நினைக்கிறார்கள். எனக்கு அது முதலில் அந்தரங்கம் பற்றிய பிரச்சினை. என் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது என்பதையெல்லாம் யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்று முடிவுசெய்யும் உரிமை பார்வையுள்ள எல்லோருக்கும் கேட்காமலேயே கிடைத்திருக்கிறது.

சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கும் பிரவுசிங் சென்டர்களில் வேலை பார்க்கும் பையன்களைப் போல எங்கள் வாழ்க்கையை அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. ஆதார் எண், கடவுச்சொல், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ் என அத்தனையும் அவர்கள் கை வழியாகப் போய்வந்தவை. பெரும்பாலோர் நல்லவர்கள் என்பதை நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும், முன்பின் தெரியாத ஒருவருடைய நல்ல குணத்தை நம்பித்தான் ஒரு குடிமகன் அரசின் சேவையைப் பெற வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

திரைவாசிப்பான் எப்படி இயங்குகிறது என்பதை அறியாத நண்பர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். அது திரையில் தெரியும் உருவத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் பின்னால் எழுதப்பட்டிருக்கும் குறிமுறையைப் படிக்கிறது. ஒரு பொத்தானின் மேல் அழகான அம்புக்குறியை வரைந்துவிட்டு, அதன் குறிமுறையில் 'அனுப்பு' என்று பெயர் எழுத மறந்துவிட்டால், எனக்கு வெறுமனே 'பட்டன்' என்று மட்டுமே கேட்கும். ஒரே பக்கத்தில் இப்படிப் பெயரில்லாத பொத்தான்கள் நான்கைந்து இருந்தால், எது பணத்தை அனுப்பும், எது விண்ணப்பத்தை அழிக்கும் என்று தெரியாமலேயே ஒன்றை அழுத்த வேண்டும். பக்கம் தமிழில் இருக்கிறது என்னும் செய்தியைக் குறிமுறையில் சேர்க்காவிட்டால், தமிழ் தெரியாத ஆங்கிலக் குரல் அதைப் படிக்க முயன்று தடுமாறுகிறது. படத்தில் நெளிந்து கிடக்கும் எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்ட்சாவுக்கு ஒலி வடிவம் பல தளங்களில் இல்லவே இல்லை. இருந்தாலும், இரைச்சலுக்கு நடுவே முனகும் அந்த ஆங்கில ஒலியைக் கேட்டு எழுதி முடிப்பதற்குள் பக்கம் காலாவதியாகிவிடுகிறது.

இவற்றைச் சரிசெய்வதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதற்கான உலகத் தர நெறிமுறையின் முதல் பதிப்பு 1999இலேயே வந்துவிட்டது. அதைச் சோதித்துப் பார்க்க உதவும் என்விடிஏ என்னும் திரைவாசிப்பான், பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்களின் முயற்சியில் 2006 முதல் இலவசமாகவே கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் உள்ளேயே இருக்கிறது. இருந்தும், உலகின் முன்னணி இணையதளங்கள் பத்து லட்சத்தின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம் அமைப்பு, 2025இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் இத்தகைய பிழைகளைக் கண்டது. அடிக்கடி காணப்பட்டவை அரிய பிழைகளும் அல்ல: மங்கலான எழுத்து, விளக்கமில்லாத படம், பெயரில்லாத பொத்தான், பெயரில்லாத உள்ளீட்டுக் கட்டம், மொழிக் குறிப்பு இல்லாத பக்கம்.

தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், அதன் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. 'அம்மா' என்று அச்சாகியிருப்பது என் காதில் 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று விழும். யூனிகோடு, டேஸ் 16 என்னும் எழுத்துக் குறியீட்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு 2010லேயே தமிழுக்கான தரமாக அறிவித்துவிட்டது. ஆயினும் பழைய எழுத்துருவில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டு, மறுபடியும் ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றப்படும் சுற்றறிக்கைகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஸ்கேன் செய்த தாள் என்பது எனக்கு வெற்றுத் தாள். இதற்கு நேர்மாறாக, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைப் படமாக அல்லாமல் எழுத்தாகவே உள்ளிட்டு வைத்ததால், சங்கப் பாடல்களை நான் யார் தயவும் இல்லாமல் படிக்கிறேன். ஈராயிரம் ஆண்டுப் பழைய பாட்டு படிக்கக் கிடைக்கிறது, போன வாரத்துச் சுற்றறிக்கை கிடைக்கவில்லை! (கவிதையை மஞ்சள் பின்னணியில் படமாக்கி முகநூலில் இடும் நண்பர்களும் இதைக் கவனிக்கலாம். படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரையைச் சேர்க்கும் வசதி முகநூலிலேயே இருக்கிறது.)

புதிதாக வரும் கருவிகள் எல்லாம் முன்னேற்றம் என்று நம்புகிறவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. கடைகளில் இருந்த பழைய ஸ்வைப் மெஷினில் ஐந்தாம் எண் பொத்தானின் மேல் சிறு புள்ளி இருக்கும். அதை விரலால் தொட்டறிந்து, மற்ற எண்களைக் கணக்கிட்டு, அட்டையின் ரகசிய எண்ணை நானே அழுத்திவிடுவேன். இப்போது பல கடைகளில் இருப்பது வழவழப்பான தொடுதிரை. வரிசையில் பத்துப் பேர் நிற்க, ரகசிய எண்ணைக் காசாளரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அல்லது பொருளை வைத்துவிட்டு வர வேண்டும். ஏடிஎம் விஷயத்தில் 2014 ஜூலை முதல் நிறுவப்படும் எல்லாப் புதிய இயந்திரங்களும் பேச வேண்டும், பிரெய்ல் பொத்தான்கள் கொண்டிருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வேண்டுகோளாக இல்லாமல் உத்தரவாக வந்ததனால்தான் அது ஓரளவாவது நடந்தது.

சட்டத்துக்கும் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு, தனியார் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாச் சேவைகளையும் அணுகத்தக்கவையாக மாற்ற, விதிகள் வெளியானதிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் 2017இல் வந்தன. அவகாசம் 2019இல் முடிந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகலுக்கான உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த பகுதி என்று தீர்ப்பளித்து, 20 வழிகாட்டுதல்களையும் வழங்கியது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் அமில வீச்சால் கண் சிமிட்ட முடியாமல் போனவர்களும் பார்வையற்ற ஒருவரும் இருந்தனர். கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் நீங்கள் உயிருள்ள மனிதர் என்று ஏற்கும், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேஒய்சி முறைதான் அவர்களை நீதிமன்றத்துக்குத் துரத்தியது.

'உங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் எங்கள் தளத்துக்கு வரப்போகிறார்கள்?' என்று ஒரு மென்பொருள் நண்பர் என்னிடம் வெளிப்படையாகவே கேட்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவருடைய தளத்துக்கு எங்களில் யாரும் வராததற்குக் காரணம் வர முடியாததுதான். இன்னொன்றும் உண்டு: கடைகளில் பணம் வந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டியை யாரும் பார்வையற்றோருக்கான கருவி என்று சொல்லி விற்கவில்லை; பரபரப்பான கடைக்காரருக்காக வந்தது அது. ஆனால் கடை வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு, வந்த பணத்தைத் தானே சரிபார்த்துக்கொள்ள அது போதுமானதாக இருக்கிறது. பார்வையற்றோருக்கென்று தனிச் செயலி செய்து தருகிறோம் என்று ஆர்வத்தோடு வரும் கல்லூரி மாணவர்களிடம் நான் சொல்வதும் இதைத்தான்: தனிச் செயலி வேண்டாம் தம்பி, எல்லோருக்கும் உள்ள செயலியையே எங்களுக்கும் திறந்துவிடுங்கள்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அரசுத் துறையோ வங்கியோ இணையதளத்துக்கோ செயலிக்கோ ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானைக் கொண்டு சோதித்துச் சரி என்று எழுதித் தந்த பிறகே கடைசித் தவணைப் பணம் விடுவிக்கப்படும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். வெளியீட்டுக்கு முந்தைய சோதனையில் பார்வையற்றோரை ஈடுபடுத்த வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்களிலேயே இருப்பதுதான். அதைப் பணத்தோடு கட்டிப்போட வேண்டும் என்பது மட்டுமே நான் சேர்ப்பது. இந்த வேலையைத் திறம்படச் செய்யக்கூடிய பட்டதாரிகள் இந்த நகரத்திலேயே பலர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அழைத்து, ஒரு தேநீரும் பாராட்டுச் சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிடாமல், மற்ற சோதனையாளர்களுக்குத் தரும் அதே சம்பளத்தைத் தர வேண்டும் என்பதையும் அந்த நிபந்தனையிலேயே எழுதிவிடலாம்.