எம்டன் என்ற சொல்லைத் தவிர நமக்கு எதுவும் மிஞ்சவில்லை

சின்ன வயதில் ஏதாவது தில்லுமுல்லு பண்ணிவிட்டு அகப்படாமல் தப்பித்துவிட்டால் பாட்டி சொல்வாள், “சரியான எம்டன்டா நீ.” அது ஒரு கப்பலின் பெயர் என்பதே கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். முதல் உலகப்போர் தொடங்கிய புதிதில், 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, சுமார் அரை மணி நேரத்தில் கிளம்பிப் போய்விட்டது. சுட்டது 130 குண்டு இருக்கும். பயந்துபோய் ஊரைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். நம் மொழிக்கு ஒரு சொல் கிடைத்தது.

அந்த 130-ஐ அப்படியே ஓர் ஓரமாக வையுங்கள். 1916 பிப்ரவரி 21 அன்று பிரான்ஸின் வெர்டன் நகரைச் சுற்றி ஜெர்மானியர்கள் முதல் நாள் மட்டும் பொழிந்தது ஏறத்தாழ 10 லட்சம் குண்டு. சண்டை டிசம்பர் வரை ஓடியது. இரண்டு பக்கமும் சேர்த்து 3 லட்சம் பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. கடைசியில் போர்முனைக் கோடு கிட்டத்தட்ட கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், என் தம்பி மகன். கல்லூரி இரண்டாம் வருடம். தினமும் காலையில் உக்ரைன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு வந்து, “பெரியப்பா, நேத்து ரெண்டு கிலோமீட்டர்தான் நகர்ந்திருக்கு. இப்படியே போனா யார்தான் ஜெயிக்கிறது?” என்று கேட்கிறான். தப்பான கேள்வி இல்லை. ஆனால் அவன் பார்க்கிற இடம் தப்பு என்று எனக்குப் படுகிறது. அந்த அளவுக்குப் பெரிய, தொழிற்சாலைகள் ஒன்றோடொன்று மோதுகிற ஒரு போரை வரைபடத்தில் பார்த்தால் பாதிதான் புரியும். ஸ்டோர் லெட்ஜரில், அதாவது சரக்கு வரவு-செலவுக் கணக்குப் புத்தகத்தில், பார்க்க வேண்டும். முதல் உலகப்போரைப் படிக்கப் படிக்க எனக்கு இது உறுதியாகிக்கொண்டே வருகிறது.

கோவையில் ஒரு பவுண்டரியில் 22 வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன் நான். அதனால் என் கண் அங்கேதான் போகும், ஒத்துக்கொள்கிறேன்.

பிரான்ஸின் சோம் ஆற்றங்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1916 ஜூலை 1. அதற்கு முன் ஏழு நாள் பிரிட்டிஷ் பீரங்கிகள் 15 லட்சத்துக்கும் மேல் குண்டுகளைக் கொட்டியிருந்தன. எதிரே ஒரு எலிகூட மிஞ்சியிருக்காது என்று சிப்பாய்களிடம் சொல்லி அனுப்பினார்கள். அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் விழுந்தார்கள், அதில் 19,240 பேர் பிணமாக. காரணங்களில் ஒன்று ஃபியூஸ். குண்டின் மூக்கில் திருகி வைக்கிற சின்ன உருப்படி. குண்டு எப்போது வெடிக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்யும். அன்றைக்கு இருந்த ஃபியூஸை வைத்து, எதிரி முன்னால் கட்டிவைத்திருந்த முள்கம்பியை அறுப்பது பெரும்பாடு. பெரிய குண்டு மண்ணுக்குள் புதைந்த பிறகு வெடிக்கும். மண் எழும்பும், கம்பி அப்படியே கிடக்கும். ஈயக்கோலிகளைச் சிதறடிக்கிற ஷ்ராப்னல் குண்டு சரியான உயரத்தில், சரியான நொடியில் வெடித்தால்தான் கம்பி அறுபடும். ஜெர்மானியர்களோ 30 அடி ஆழத்தில் பள்ளம் தோண்டி உட்கார்ந்திருந்தார்கள். ஷ்ராப்னல் அவர்களை என்ன செய்யும்?

அப்புறம் வெடிக்காத குண்டுகள். மூன்றில் ஒன்று வெடிக்கவே இல்லை என்று சொல்கிறார்கள். 1915-ல் குண்டுத் தட்டுப்பாடு என்று பத்திரிகைகள் கத்தி, அரசாங்கமே ஆட்டம் கண்டது. லாயிட் ஜார்ஜை வெடிமருந்துத் துறை அமைச்சராகப் போட்டு, அதுவரை குண்டையே பார்த்திராத பட்டறைகளில் எல்லாம் குண்டு வார்க்கச் சொன்னார்கள். எண்ணிக்கை ஏறியது, தரம் இறங்கியது. இந்தக் கதை எனக்குத் தெரியும். மாதக் கடைசி, டிஸ்பாட்ச் டார்கெட், “சார், இந்த ஒரு லாட்டை மட்டும் விட்டுருங்க.” ஒருமுறை ஓட்டை விழுந்த காஸ்டிங் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது வெறும் பம்ப். யாரோ ஒரு விவசாயி என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவுதான்.

தொட்டவுடன் வெடிக்கிற புது ஃபியூஸ், 106 என்று நம்பர், 1917-ல் பிரான்ஸின் அராஸ் சண்டையில் பெருமளவில் வந்தது. கம்பியில் பட்டாலே போதும். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விஷவாயு, டேங்க் பற்றியெல்லாம் எல்லோரும் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். சேற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1917-ல் பெல்ஜியத்தின் பாஷன்டேல். அடியில் களிமண், தண்ணீர் இறங்காத பூமி. தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் வெட்டி வைத்த வடிகால் வாய்க்கால்களால்தான் அது வயலாக இருந்தது. தாக்குதலுக்கு முன் அங்கே விழுந்தது 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டு. வாய்க்கால் ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு மழை. குண்டு விழுந்த பள்ளமெல்லாம் குளம். பலகைப் பாதையில் கால் தவறினால் மூட்டையோடு உள்ளே போக வேண்டியதுதான், மனிதனும் சரி, கோவேறு கழுதையும் சரி. எந்தச் சேற்றில் மாட்டிக்கொண்டு குண்டு குண்டாகச் சுட்டார்களோ, அந்தச் சேறு அவர்களே தயாரித்தது. ஈரத்தில் நின்று நின்று பாதம் அழுகும். அதற்குத் திமிங்கில எண்ணெய் தடவிவிட்டு, காய்ந்த காலுறை மாற்றச் சொல்வார்கள். அதிகாரி வரிசையாகக் கால்களைப் பார்வையிடுவார். காலுறை வந்து சேரவில்லை என்றால் ஆள் குறைவான். இதுவும் ஸ்டோர் கணக்குதான்.

இன்னொரு கணக்கு. பிரிட்டன் அந்தப் போரில் பிரான்ஸுக்குக் கப்பலேற்றிய சரக்கில் வெடிமருந்து 50 லட்சம் டன்னுக்கு மேல். குதிரைத் தீவனம், ஓட்ஸும் உலர்புல்லும், அதைவிடக் கொஞ்சம் அதிகம்! முன்களத்துக்குக் கடைசி சில மைல் குண்டைச் சுமந்தது குதிரையும் கழுதையும்தான். அவை தின்ன வேண்டாமா?

இப்போது ஜெர்மனிப் பக்கம். வெடிமருந்துக்கு வேண்டிய நைட்ரேட் சிலியிலிருந்து வந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் கடற்படை வழியை அடைத்தது. காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்கும் ஹேபர்-பாஷ் முறை 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொடங்கியிராவிட்டால் ஜெர்மனி அவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருக்காது. ஆனால் அதே நைட்ரஜன்தான் வயலுக்கும் உரம். குண்டுக்குப் போனால் பயிருக்கு இல்லை. 1916-ல் உருளைக்கிழங்கு பொய்த்தது. மாட்டுத் தீவனமாகப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்று மக்கள் அந்தக் குளிர்காலத்தை ஓட்டினார்கள். “டர்னிப் குளிர்காலம்” என்றே அதற்குப் பெயர்.

1918 மார்ச் 21-க்கு வாருங்கள். ஜெர்மானியர்கள் ஐந்து மணி நேரத்தில் 10 லட்சம் குண்டுக்கு மேல் கொட்டிப் பாய்ந்தார்கள். இரண்டு வாரத்தில் சுமார் 60 கிலோமீட்டர். தம்பி மகன் அன்று வரைபடம் பார்த்திருந்தால் ஜெர்மனி ஜெயிக்கிறது என்று அடித்துச் சொல்லியிருப்பான். ஆனால் ஆல்பெர் என்ற ஊரில் பிடிபட்ட பிரிட்டிஷ் கிடங்குகளைப் பார்த்ததும் பசித்த சிப்பாய்கள் சண்டையை விட்டுவிட்டுத் தின்னவும் குடிக்கவும் ஆரம்பித்தார்கள். எதிரி பட்டினி கிடக்கிறான் என்று மேலே சொல்லியிருந்தார்கள். கிடங்கைத் திறந்தால் எல்லாம் அடுக்கி இருக்கிறது. அந்தச் சிப்பாய்க்கு அப்போதே முடிவு தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மீதி வேகமாக நடந்தது. ஆகஸ்ட் 8-ஐ ஜெர்மன் ராணுவத்தின் கறுப்பு நாள் என்றார் தளபதி லுடன்டார்ஃப். செப்டம்பர் கடைசியில் ஹிண்டன்பர்க் கோடு என்ற ஜெர்மன் தற்காப்பு வரிசையை உடைக்க பிரிட்டிஷார் 24 மணி நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேல் குண்டு சுட்டார்கள். இந்த முறை அவை வெடித்தன. நவம்பர் 11 அன்று ரயில் பெட்டியில் போர்நிறுத்தக் கையெழுத்து.

அன்றைக்கும் ஜெர்மன் படை பிரான்ஸ், பெல்ஜிய மண்ணில்தான் நின்றது. வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தோற்றதே தெரியவில்லை. “நாங்கள் களத்தில் தோற்கவில்லை, உள்ளே இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள்” என்ற பொய் அதனால்தான் அவ்வளவு சுலபமாக விற்றது. அதை வாங்கி வியாபாரம் செய்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

வீரமே இல்லையா என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். இருந்தது. 1915 மார்ச்சில் நியூவ் ஷாபெல் கிராமத்தைப் பிடித்ததில் இந்தியச் சிப்பாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. முதல் நாளே உள்ளே புகுந்துவிட்டார்கள். அதற்கு மேல் நகர முடியவில்லை, காரணங்களில் குண்டுத் தட்டுப்பாடும் ஒன்று. அங்கே இருக்கும் நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட பெயர்கள். வீரம் கிராமம் வரை கூட்டிப்போனது. அப்புறம் பெட்டி காலி.

பெல்ஜியத்தில் இன்றும் உழவு நேரத்தில் கலப்பையில் குண்டு மாட்டுகிறது. விவசாயிகள் எடுத்து வரப்பு ஓரமாக, கரண்ட் கம்பத்தடியில் வைத்துவிட்டுத் தகவல் சொல்வார்கள். ராணுவ வண்டி வந்து அள்ளிப்போகும். வருடத்துக்கு நூறு டன்னுக்கு மேல். யாரோ ஒரு இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டு அனுப்பிய சரக்கும் அதில் இருக்கும். 2014 மார்ச்சில் ஈப்பர் நகரத்தில் ஒரு கட்டுமான இடத்தில் அப்படி ஒன்று வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.